பாவம் பூச்சியம்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்துகொண்டு கலியாணம் பேசிக் கொடுத்தவள் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பேன். இதையும் கூட்டித்தான் எழுதுகிறேன், ஆகவே அவசரக்காரர் இந்த இடத்திலேயே எழும்பிப் போகலாம். ஆனால் படிப்புக் குறைவு என்பதற்காக என் தொழிலை யாரும் குறைவாக எண்ண வேண்டாம். டொக்டர்மார் வீட்டுக் கலியாணங்கள் பேசியிருக்கிறேன். எஞ்சினியர் மாப்பிள்ளைகளின் தாய்மார் என் வாசலில் வந்து, நான் உள்ளே கூப்பிடும்வரை குடையைப் பிடித்தபடி நின்றிருக்கிறார்கள்.

எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் பேச முதலில் கேட்பது பாவம் எவ்வளவு என்றுதான். பாவம் என்றால் நாம் செய்கிற பாவம் இல்லை. சாதகக் கட்டத்தில் செவ்வாய், சனி, ராகு போன்ற பொல்லாத கிரகங்கள் கூடாத வீட்டில் இருந்தால் சாத்திரியார் அதற்குப் புள்ளி போடுவார். எல்லாவற்றையும் கூட்டி வருவது அந்த ஆளின் பாவம். ஒருவருக்கு இருபது வரும், இன்னொருவருக்கு நாற்பது வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அது கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும். பெண்ணுடையது மிஞ்சிவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் செருப்பைத் தேடத் தொடங்குவார்கள். பேப்பரில் போடும் மணமகள் தேவை விளம்பரத்தில்கூடப் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் பக்கத்தில் பாவம் இத்தனை என்று எழுதியிருப்பார்கள். மற்ற ஊர்க்காரர் அதை வாசித்தால் நாங்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அது சண்டைக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்து வந்த சனம் வெள்ளவத்தை லொட்ஜுகளில் நிரம்பியிருந்தது. வெளிநாட்டுக்குப் போக நின்றவர்கள், போக முடியாமல் நின்றவர்கள், போனவர்களுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள். எனக்கு வேலைக்குக் குறைவில்லை. குறைந்தது சாதகங்கள்தான். வீட்டை விட்டு ஓடும்போது தங்கத்தை எடுத்தார்கள், காணி உறுதியை எடுத்தார்கள், சிலர் ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். சாதகம் சாமி அறையில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது, அது அங்கேயே இருந்துவிட்டது.

கொட்டாஞ்சேனையில் இருந்து என்னிடம் ஒருவர் வந்துகொண்டிருந்தார். துறைமுகத்தில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஒரே மகள். மகளுக்கு முப்பத்து நாலு வயது, கோட்டையில் ஒரு தேயிலைக் கொம்பனியில் கணக்கு வேலை. பிள்ளை பார்க்க லட்சணம், வாயும் துடுக்கு. ஆனால் வந்த சம்பந்தம் ஒன்றும் நிற்கவில்லை. மனிதர் பஸ்ஸில் கொச்சிக்கடைக்கு வந்து, அந்தோனியார் கோயிலுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து என்னிடம் வருவார். சைவக்காரர்தான், ஆனாலும் ஒரு கதவையும் தட்டாமல் விடவில்லை. கண்ணை மூட முன்னம் மகளுக்கு ஒரு தாலி ஏறவேண்டும், அதைத் தவிர அவருக்கு வேறு பேச்சே இல்லை. சாதகம் எங்கே அண்ணை என்று நான் கேட்கும்போதெல்லாம், பிறகு கொண்டு வாறன் தங்கச்சி என்பார். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் வீடு எரிந்தபோது அது எரிந்துபோனது என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நானும் கைவிட்டுவிடுவேன் என்று பயந்திருக்கிறார்.

அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையில் என் தொழில்காரி ஒருத்தி கணினிப் பொருத்தம் என்று ஒரு பலகை போட்டாள். நான் பேச்சை முடித்து வைத்திருந்த இரண்டு குடும்பங்கள் அங்கே போய் ஒருமுறை மெஷினிலும் பார்த்துவிட்டு வருகிறோம் என்றன. போனவர்கள் வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

என் வீட்டு மேல் அறையில் ஒரு திருகோணமலைப் பிள்ளை வாடகைக்கு இருந்தாள். கணினிக் கந்தோரில் வேலை, பின்நேரத்தில் பரீட்சைக்கும் படித்தாள். சோதனைக்கு ஏதாவது ஒரு வேலையைக் கணினியில் தானே செய்து காட்டவேண்டுமாம். அன்ரி, உங்கட பொருத்தத்தையே செய்யிறனே என்றாள். அவளுடைய கந்தோரில் கழித்துப் போட்ட ஒரு மெஷினை வாங்கிக்கொண்டு இருவரும் முச்சக்கர வண்டியில் வந்தோம். அதன் டிவிப் பெட்டி என் மடியில், மற்றப் பெட்டி அவளுடைய மடியில்.

வெள்ளவத்தைக்குள் வர முன்னம் செக்பொயின்றில் மறித்தார்கள். ஒரு ஆமிக்காரப் பொடியன் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து, மே மொகத என்று கேட்டான், இது என்ன என்று. பிள்ளைக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆனால் பயத்தில் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் சொன்னேன், பொரொந்தம் பலன மெஷின் எக மாத்தயா, பொருத்தம் பார்க்கிற மெஷின் ஐயா என்று. சாதகப் பொருத்தத்துக்கு அவர்களிடமும் பெயர் பொரொந்தம்தான். பொடியனுடைய முகம் மாறியது. பெட்டியைத் தட்டிப் பார்த்தான், பின்னால் இருந்த ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, பொருந்தாததை இது பொருந்த வைக்குமா அம்மே என்று கேட்டான். ஊரில் ஒரு பெண்ணாம், பொருத்தம் வரவில்லை என்று தாய் மாட்டேன் என்கிறாளாம். வைக்கும் என்று சொல்லியிருந்தால் எங்களை அன்றைக்கு வீட்டுக்கு விட்டிருக்க மாட்டான். இன்னும் பழக்கவில்லை மாத்தயா என்றேன். போகச் சொன்னான்.

இரண்டு மாதமளவில் பிள்ளை அதைப் பழக்கினாள். பழக்குவது என்றால் இங்கிலீஷ் மாதிரி ஒன்றில் வரிவரியாக எழுதுவது. எழுதினதை மெஷினுக்கு விளங்கும்படி மாற்றிக் கொடுக்க உள்ளே ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயர் கொம்பைலர். அது எழுதினதை எல்லாம் வாசித்துப் பார்த்து, சரியில்லாத இடத்தில் குறை சொல்லும். எனக்கு அதைக் கேட்டவுடன் என் மாமியாரின் நினைவு வந்தது.

ஒருநாள் நான் பின்னால் நின்று பார்க்கும்போது திரை நிறைய மஞ்சள் எழுத்து ஓடியது.

“என்ன பிள்ளை, ஏசுதோ?”

“ஏசேல்லை அன்ரி. எச்சரிக்குது. பிழையெண்டால் சிவப்பில வரும், வேலை நிண்டுடும். இது சும்மா எச்சரிக்கை. வேலை நடக்கும்.”

“என்னத்துக்கு எச்சரிக்குதாம்?”

அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். ஒன்றுமில்லை என்பதற்கு அவர்களிடம் ஒரு தனிச் சொல் இருக்கிறதாம். அது விலாசம் எழுதுகிற இடத்துக்காக உண்டாக்கின சொல். இந்த விலாசத்தில் ஆள் இல்லை, போய்த் தேடாதே என்று அர்த்தம். அதை இலக்கம் எழுதுகிற இடத்தில் போடக்கூடாது. இவள் சாதகம் தராத ஆட்களுக்குப் பாவம் என்ற இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டிருக்கிறாள். ஆள் இல்லை என்கிற சொல்லைக் கொண்டுவந்து எண்ணிக்கைக்குள் வைக்கிறாயே, தெரிந்துதான் செய்கிறாயா என்று கொம்பைலர் கேட்கிறதாம்.

“அப்ப மாத்தன்.”

“மாத்தத் தேவையில்லை அன்ரி. அது தன்பாட்டில பூச்சியம் எண்டு எடுத்துக்கொள்ளும். பஸ்ஸில சீட்டுக்குக் கீழ பாருங்கோ எண்டு எழுதிக் கிடக்குதே, அதைப் போலத்தான். ஆர் பாக்கினம்?”

அது உண்மை. சந்தேகமான பொதி கிடக்கிறதா என்று சீட்டுக்குக் கீழே பார்க்கச் சொல்லி ஒவ்வொரு பஸ்ஸிலும் மூன்று மொழியில் எழுதியிருந்தது. ரேடியோவிலும் சொன்னார்கள், ரயில்வே ஸ்டேஷனிலும் சொன்னார்கள். அப்படிப் பார்த்த ஒருவரை நான் காணவில்லை. சீட்டுக் கிடைத்தால் உட்காருவதா, குனிவதா. நானும் சரி என்று குசினிக்குப் போய்விட்டேன்.

பிறகு நான் பகலில் லொட்ஜுகளுக்கும் கோயிலுக்கும் அலைந்து ஆட்களைப் பிடிப்பேன். நான் இல்லாத நேரம் யாராவது சாதகம் கொண்டு வந்தால் பிள்ளை வாங்கி, மெஷினில் அடித்து வைத்துவிட்டு, திருப்பிக் கொடுப்பாள். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் நீளக் கடதாசியில் மெஷின் கரகரவென்று அடித்துத் தள்ளும்போது அடுத்த வீட்டுக்குக் கேட்கட்டும் என்று யன்னலைத் திறந்து விடுவேன்.

ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனைப் பெண்ணுக்குப் பார்க்கச் சொன்னேன். கடதாசி வந்தது. பெண் பாவம் பூச்சியம். மாப்பிள்ளை பாவம் பூச்சியம். பொருத்தம் உத்தமம்.

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். பாவம் பூச்சியமான சாதகம் என் தொழிலில் நான் கண்டதில்லை. சாத்திரியார்மார் சொல்லக் கேள்விப்பட்டதுதான். அப்படிப்பட்டது இரண்டு ஒரே கடதாசியில். மனிதர் நான் வெளியே போன நேரம் ஒருநாள் சாதகத்தைக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார், இவ்வளவு நல்ல சாதகத்தை வைத்துக்கொண்டா இத்தனை காலம் இழுத்தார் என்று எண்ணிக்கொண்டேன். அதே கடதாசியின் அடியில் கிராண்ட்பாஸில் இருந்த ஒரு கிழட்டு மாப்பிள்ளைக்கும் பூச்சியம் என்று இருந்தது. தூஷணம் பேசாமல் ஒரு வசனம் முடிக்காத ஆள். அப்போதாவது எனக்கு ஒரு யோசனை வந்திருக்கலாம். ஆளின் வாயைப் பார்த்துக் கிரகத்தை மதிப்பிடக்கூடாது என்று நினைத்தேன்.

கடதாசியில் வந்த மாப்பிள்ளை யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். முப்பத்தேழு வயது, வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் வேலை. தாயும் அவருமாக ஒரு வீட்டின் பின் அறையில் இருந்தார்கள். தாய் லேசான பெண் இல்லை. முதல் நாள் என்னிடம் வந்தபோது என் கதிரைக்கு ஒரு கால் கட்டை என்று கண்டுபிடித்துச் சொன்னவ. அவவும் சாதகத்தைப் பிறகு தருகிறேன் என்று போனவதான்.

நான் முதலில் கொட்டாஞ்சேனைக்குப் போய் மனிதரிடம் சொன்னேன். அண்ணை, உங்கட மகளுக்குப் பாவம் பூச்சியம், மாப்பிள்ளைக்கும் பூச்சியம் என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இந்த உதவியை நான் மறக்கமாட்டன் தங்கச்சி என்றார். கண் கலங்கியிருந்தது. மனிதருக்கு எவ்வளவு அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளையின் தாயிடம் போய்ச் சொன்னபோது அவவும் அப்படித்தான் என்னைப் பார்த்தா. பார்த்துவிட்டு உள்ளே போய் எனக்கு ஒரு புதுச் சேலை கொண்டுவந்து தந்தா.

நடந்தது இதுதான், பிறகுதான் எனக்கே விளங்கியது. தன் மகளுக்குச் சாதகமே இல்லை என்று தகப்பனுக்குத் தெரியும். ஆகவே நான் இரங்கி ஒரு பூச்சியத்தைப் போட்டுக் காப்பாற்றியிருக்கிறேன் என்று எண்ணினார். தன் மகனுடையது ஊரில் தகரப் பெட்டியோடு போனது என்று தாய்க்குத் தெரியும். அவவும் அதையே எண்ணினா. ஆனால் மற்றப் பக்கத்துப் பூச்சியம் மட்டும் உண்மை என்று இரண்டு பேரும் நம்பினார்கள். மாசு மறு இல்லாத ஒரு சாதகத்தோடு நாங்கள் கள்ளச் சாதகத்தைச் சேர்க்கப் பார்க்கிறோமே என்று இரண்டு பக்கமும் நடுங்கிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு மரியாதையை நான் எந்தச் சம்பந்தத்திலும் கண்டதில்லை. பெண் பார்க்க என் வீட்டுக்கு வந்தபோது மனிதர் உள்ளே வரவும் மாப்பிள்ளையின் தாய் எழும்பி நின்றா. அவ எழும்பினதைக் கண்டு அவர் உட்காரவில்லை. இரண்டு பேரும் நின்றபடி நீங்கள் இருங்கோ, இல்லை நீங்கள் இருங்கோ என்று கொண்டிருக்க, கட்டைக் கால் கதிரை நடுவில் வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது. சீதனம் என்ற சொல்லை அவ எடுக்கவே இல்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் நான் செய்வேன் என்று அவர். ஒன்றும் வேண்டாம், பிள்ளையைத் தந்தால் போதும் என்று அவ. கலியாணத்தை எங்கே வைப்பது என்றேன். அவர்கள் விருப்பம் என்றது இந்தப் பக்கம். இல்லை, அவர்கள் விருப்பம் என்றது அந்தப் பக்கம்.

எனக்கு இது நல்லதாகப் படவில்லை. என் தொழிலில் பேரம் பேசாத குடும்பம் என்றால் ஓடப்போகிற குடும்பம். வாங்க நினைக்கிறவன்தான் மீனைப் புரட்டிப் பார்ப்பான்.

பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் இயல்பாக இருந்தார்கள். பின் விறாந்தையில் அரை மணித்தியாலம் கதைத்தார்கள். பிறகு அவள் என்னிடம் குசினிக்குள் வந்தாள்.

“எனக்குப் பிடிச்சிருக்கு அன்ரி. இவ்வளவு காலமும் வந்தவை எல்லாரும் என்ர செவ்வாயைப் பற்றித்தான் கேட்டவை. இவர் மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள் எண்டு கேட்டவர்.”

நாள் வைக்க ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பக்கத்தையும் சாதகத்தோடு வரச் சொன்னேன். சாத்திரியாரிடம் நான் பெருமையடித்து வைத்திருந்தேன், பூச்சியம் இரண்டைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அவரும் காத்திருந்தார். இரண்டு பேரும் வந்தார்கள், வெறுங்கையோடு. சாதகம் மட்டக்களப்பில் தம்பியிடம் இருக்கிறது என்றார் மனிதர். தங்கள் சாதகம் யாழ்ப்பாணத்தில் பேங்கில் பூட்டியிருக்கிறது, பாதை திறந்தால்தான் எடுக்கலாம் என்றா தாய். அதற்கென்ன, மெஷினில் இருக்கிறதே என்று நான் மேல் அறைப் பிள்ளையைக் கூப்பிட்டு, இரண்டு பேருடைய கட்டத்தையும் அடித்துக்கொண்டு வரச் சொன்னேன்.

அவள் படியால் பாதி இறங்கி நின்று சொன்னாள்.

“இவைக்குக் கட்டம் இல்லையே அன்ரி. ரெண்டு பேருமே சாதகம் தரேல்லை.”

“தராமல் எப்பிடிப் பிள்ளை பூச்சியம் வந்தது?”

அந்த மஞ்சள் எழுத்தெல்லாம் அவளுடைய கண்ணுக்கு முன்னால் திரும்பி ஓடியிருக்க வேண்டும். இல்லாததை மெஷின் பூச்சியமென்று எடுத்துவிட்டது, அது தனக்கு முதலே சொன்னது, தான் கணக்கெடுக்கவில்லை என்று ஒருவாறு சொல்லி முடித்தாள்.

மாப்பிள்ளையின் தாய் மனிதர் பக்கம் மெல்லத் திரும்பினா.

“அப்ப அண்ணை, உங்களிட்டயும் இல்லையோ?”

“உங்களிட்டயும் இல்லையோ?”

“இல்லாத ஆளுக்கோ நான் கதிரையை விட்டு எழும்பி எழும்பி நிண்டனான்? எனக்கு முழங்கால் வருத்தம் தெரியுமோ?”

“நான் மட்டும் இருந்தனானோ? அண்டைக்கு முழுக்க நிண்டதில பஸ்ஸில ஏறேலாமல் போச்சு எனக்கு.”

அதற்குப் பிறகு இருவரும் மிச்சம் வைக்கவில்லை. என்னையும் விடவில்லை. சாத்திரியார் தன் பஞ்சாங்கத்தைச் சுருட்டிக்கொண்டு, நான் இன்னொரு நாளைக்கு வாறன் என்று பின்வழியால் போய்விட்டார். கடைசியில் தாய் குடையை எடுத்துக்கொண்டு, யோசிச்சுச் சொல்லுறம் என்றா. எங்கள் தொழிலில் அதன் பொருள், இனி உங்கள் வாசல் மிதிக்கமாட்டோம் என்பதுதான். மனிதர் எழும்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, என்ர பிள்ளைக்கு இதுவும் போச்சு தங்கச்சி என்றார்.

மேல் அறைப் பிள்ளை அன்றைக்கே மெஷினைத் திருத்தினாள். மஞ்சள் எழுத்து ஒன்றுகூட இல்லாமல் வந்தது என்று எனக்குக் காட்டினாள். இப்போது சாதகம் இல்லாதவர்களுக்குப் பாவம் என்ற இடத்தில் தெரியாது என்று அடித்தது. கொட்டாஞ்சேனைப் பெண்ணுக்குத் திரும்பப் பார்த்தோம். பொருந்தும் மாப்பிள்ளை யாரும் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. மெஷின் பிழையாக இருந்தபோது மாப்பிள்ளை இருந்தார், சரியானதும் போய்விட்டார். உன்ர சோதனைக்கு இதைத்தான் காட்டப்போறியோ என்று பிள்ளையைக் கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். பிறகு அவளைத் தேற்றுவதும் என் வேலையாயிற்று.

நான் கைவிடுகிறவள் இல்லை. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையின் தாயைத் தேடிப் போனேன். பின் அறை வாசலில் சுளகை வைத்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தா. வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இருந்து ஒரு கொப்பை எடுத்து உருவத் தொடங்கினேன். பெண்ணைப் பற்றி நல்லதெல்லாம் சொன்னேன். பெடியனுக்கும் விருப்பம் என்பது எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அடுத்த கொப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவ கதைத்தா.

“மூத்தவன்ர சாதகம் கைவசம் இருந்தது பிள்ளை. பாவம் ஏழுதான். கட்டின பெட்டைக்கு ஆறு. பத்துப் பொருத்தத்தில ஒன்பது. சாத்திரியார் துள்ளிக் குதிச்சவர். கட்டி ரெண்டாம் வருசம் சந்திக்குப் போறன் எண்டு சைக்கிள எடுத்துக்கொண்டு போனவன்தான். இருக்கிறான் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை.”

அவவுக்கு இன்னொரு மகன் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இலை உருவி முடிந்ததும் அவ ஈர்க்குகளை ஒதுக்கிவிட்டுக் கேட்டா.

“உன்ர மெஷின் இப்ப என்ன சொல்லுது?”

“தெரியாது எண்டு போடுது அக்கா. ரெண்டு பேருக்கும்.”

“பூச்சியம் எண்டு போடேல்லையோ?”

“இல்லை.”

“பூச்சியமெண்டால் எனக்குப் பயம்,” என்றா. “தெரியாதெண்டால் பரவாயில்லை. தெரியாததோட நான் இருந்து பழகிட்டன்.”

அவ்வளவுதான். சுளகைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனா.

அடுத்த வெள்ளிக்கிழமை குடையோடு என் வாசலில் வந்து நின்றா. அந்த மனிசனைக் கூப்பிடு என்றா. கொட்டாஞ்சேனைக்கு ஆள் அனுப்பினேன். அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது இவ எழும்பவில்லை. சாய்ந்து உட்கார்ந்தபடி, அண்ணை, பெண்ணுக்கு என்ன செய்யிறதா உத்தேசம் என்று கேட்டா. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

கலியாணத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை பெரிதாகியது. வெள்ளவத்தையில் வைக்கவேண்டும் என்றா அவ. ஊரிலிருந்து வந்த சனம் முழுக்க இங்கே லொட்ஜில் இருக்கிறது, கொட்டாஞ்சேனைக்குப் போவதென்றால் வழியெல்லாம் செக்பொயின்ற், ஒவ்வொரு கிழவிக்கும் அடையாள அட்டை காட்டி முடிய முகூர்த்தம் போய்விடும். கொட்டாஞ்சேனையில்தான் என்றார் அவர். முகத்துவாரத்தில் இருக்கும் சொந்தக்காரர், துறைமுகத்தில் கூட வேலை செய்த சிங்கள ஆட்கள், அந்த ஒழுங்கை முழுவதும் பிள்ளையைப் பார்த்து வளர்த்தது, அவர்களை இங்கே பஸ்ஸிலா ஏற்றிக்கொண்டு வருவது. பெண் வீட்டார் இடத்தில்தானே முறை என்றார் அவர். முறை கதைக்கிற ஆளெண்டால் சாதகத்தைக் காட்டுங்கோ பாப்பம் என்றா அவ. அவருக்குக் கோபம் வந்து எழும்பினார், கதவுவரை போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார். அவவும் ஒருமுறை குடையை எடுத்தா, பிறகு கீழே வைத்தா.

மகள் கந்தோர் விட்டு வந்து அப்பாவைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தாள். என்ன அன்ரி, குழம்பிட்டுதோ என்று என்னிடம் கேட்டாள். இல்லை பிள்ளை, இப்பதான் நல்லாப் போகுது என்றேன்.

கலியாணம் பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அது இரண்டு பேருக்கும் பிடிக்காத இடம், ஆகவே இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். தாலி கட்டும் நேரம் மேளம் எழும்பியபோதும் மாப்பிள்ளையின் தாய் என் காதுக்குள், மின்விசிறி ஒன்றும் சுத்தேல்லை, இந்த மனிசன் காசைப் பார்த்து மண்டபம் எடுத்திருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தா. மணவறைக்கு மற்றப் பக்கத்தில் மனிதர் நின்றார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்காமல், பக்கத்தில் நின்ற முகத்துவாரத்துச் சொந்தக்காரரிடம் பஸ் தரிப்பிலிருந்து நடக்க வெகு தூரம் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.